ராசா திறந்துவிட்ட தண்ணீர்

லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயராசாதான் தொழிலாளர் தலைவர். கோவில் திருவிழா நாடகத்தில் வருடா வருடம் ராசாவும் அவர்தான். குரலும் மீசையும் அப்படி. மலையில் இருக்கும் தண்ணீர் டாங்கியின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

ஆடியில் வறட்டுக் காற்று வீச ஆரம்பித்ததும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் குழாயை அடைத்துத் தண்ணீரைத் தன் லீக்ஸ் பாத்திக்குத் திருப்பிக்கொண்டார். லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் சொட்டு விழவில்லை. கேட்டவர்களிடம், "டாங்கியே காஞ்சு கெடக்கு, நான் என்னா செய்ய?" என்றார். கொழுந்து பறித்துக் களைத்து வந்த பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கினார்கள்.

அவர்களில் ஒருத்தியான விஜயலெட்சுமிக்கு அந்த வருட நாடகத்தில் குடிமகள் வேடம். வரி அதிகமென்று அவள் முறையிட வேண்டும், ராசா சீறிச் சிறையில் அடைக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

திருவிழா அன்று பிற்பகலில் கோவில் முன்னால் கூட்டம் நிறைந்துவிட்டது. முதல் நாற்காலியில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை.

"மன்னா, வரி கொடுத்து மாளவில்லை!" விஜயலெட்சுமி சரியாகத்தான் ஆரம்பித்தாள். "வரியக்கூடப் பொறுத்துக்குவோம். தண்ணி எங்கங்க மன்னா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நாட்டில் மழை இல்லை பெண்ணே!" ஜெயராசா சமாளித்தார்.

"ஒங்க லீக்ஸுக்கு மட்டும் பெய்யுதுங்களே?"

"யாரங்கே! இவளைச் சிறையில் அடையுங்கள்!"

வீரனாக நின்ற தர்ஷன் அசையவில்லை. ஈட்டியால் முதுகைச் சொறிந்துகொண்டான்.

"டேய், இழுத்துக்கிட்டுப் போடா," என்று ராசா பல்லைக் கடித்தார்.

"குளிச்சு எத்தன நாளாச்சுங்க மன்னா! நான் கிட்டப் போனா அக்கா மயங்கிரும்."

எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது. துரை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, திரும்பி டாங்கியைப் பார்த்தார். அதை ஜெயராசாவும் பார்த்துவிட்டார். சட்டென்று வாளை உயர்த்தினார்.

"எம் குடிகளின் தாகத்தை இன்றே அறிந்தோம்! திறந்துவிடுங்கள் நீரை!"

முழங்கிய வேகத்தில் இடுப்புச் சாவியை உருவி வீசினார். கைதட்டல் காதைப் பிளந்தது. நாடகம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. விஜயலெட்சுமியோ சாவியைப் பிடித்த கையோடு மேடையிலிருந்து குதித்து மலைப்பக்கம் ஓடினாள். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடியது. மீதி நாடகத்தை ராசா, துரைக்கும் பூசாரிக்கும் நடித்துக் காட்டினார்.

சாவி அவரிடம் திரும்பவேயில்லை. அன்றிலிருந்து லயத்துப் பெண்கள் முறை வைத்து டாங்கியைக் காவல் காத்தார்கள்.

அன்று சாயம் கழுவ வீட்டுக்குப் போனவரை மனைவி அன்னலட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

"சொட்டுத் தண்ணி இல்ல. அம்புட்டும் கீழ எறங்கிருச்சு."

"மூஞ்சி எரியுதுடி!"

"பீலிக்குப் போங்க. ராசா கேட்டா குடுக்காமயா இருப்பாங்க?"

சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு வாளியை நீட்டினாள்.

பீலியில் குடங்களின் வரிசை வளைந்து வளைந்து நின்றது. கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெயராசா கடைசியில் நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மேடைக் குரலையே எடுத்தார்.

"யாம் முகம் கழுவ வேண்டும், குடிகளே!"

பெண்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விஜயலெட்சுமி தன் குடத்தை நகர்த்தினாள்.

"வாங்க மன்னா. வெரசாக் கழுவுங்க, உலை வைக்கணும்."

ஜெயராசா குனிந்து முகத்தில் அள்ளி இறைத்தார். தண்ணீர் அத்தனை குளிர்ச்சி. அவருடைய கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதியை வாளியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.