அண்ணை என்று கூப்பிடாதே

வலிக்கட்டும், வலிக்கிற வரைக்கும் முழங்கால் தன்னுடையதுதான், மரத்துப்போனால்தான் பயப்பட வேண்டும் என்று டேவிட் ப்ராஸர் பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை நீட்டினான், நீட்டவும் உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றின்மேல் ஏறி இறங்கியது, பல்லைக் கடித்தான், யாரும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் என்ன, முப்பத்துநாலு வயசுக்காரனுக்கு முழங்கால் நோகும் என்பது ஊருக்கே தெரிந்த சேதி... இடைவேளை. தகரக் கூரைமேல் ஜூலை மழை. உடைமாற்றும் அறை முழுக்கச் சேறு, தைல வாடை, ஈர ஜெர்சி, நடுவில் ஒரு தட்டில் நாலாக வெட்டிய ஆரஞ்சு, சப்பிப் போட்ட தோலெல்லாம் பூட்ஸுக்கடியில் மிதிபடுகிறது. லிட்கம் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் பின்சுவரை உலுக்கிவிட்டுப் போனது. எதிரணிக்கு ஒன்று, நமக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் யாருடையது? சொல்லவே வேண்டாம், கோல் போடுகிறவன்தான் போடாத கோலுக்கும் சொந்தக்காரன். மைதானத்திலிருந்து உள்ளே வரும்போதே கோச் மக்கே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, வாயை அதிகம் திறக்காமல், "பூட்ஸைக் கழற்றிடு, டாய். ரெண்டாவது பாதிக்குப் புது ஆள் இறங்குறான்" என்று சொல்லிவிட்டுக் கமிட்டிக்காரர்களைப் பார்க்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். அவர்கள் அங்கே குடையும் சுருட்டுமாக நிற்கிறார்கள், அடுத்த வருஷம் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று பார்ப்பதற்காகவே இன்று வந்திருக்கிறார்கள், இடைவேளையோடு வெளியே எடுக்கப்பட்ட கிழட்டு முன்னாட்டக்காரனை எவன் திரும்பக் கூப்பிடுவான், பூட்ஸைக் கழற்றினால் இன்றோடு முடிந்தது, திங்கட்கிழமை முதல் செங்கல் சூளைதான், செங்கல் சூளை மட்டும்தான்... கழற்றமாட்டேன். கயிற்றைத் தொடக்கூட மாட்டேன். வேண்டுமானால் அவனே குனிந்து அவிழ்க்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டாய். டேவிட் என்று ஞானஸ்நானம், ஆனால் வேல்ஸில் எந்தத் தாய் தன் பிள்ளையை டேவிட் என்று முழுசாகக் கூப்பிட்டாள், தெருவுக்கு ஏழு டாய்கள், மளிகைக்கடை டாய், பேண்டு வாத்திய டாய், ஒற்றைக்கண் டாய், இவன் பந்து டாய். அதே பெயரை இங்கே எதிரணிக் கூட்டம் மேட்டில் நின்றுகொண்டு பாட்டாகவே பாடுகிறது, "டாய்! டாய்!" என்று, இங்கிலீஷ் காதில் அது செத்துப்போ என்று விழும், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பெரிய இடுகாடு வேறு இருக்கிறது, அதைக் கையால் காட்டிக்காட்டிப் பாடுகிறார்கள். பாடட்டும். பதினைந்து வயசில் பூமிக்கடியில் இறங்கினவனுக்கு இடுகாட்டைக் காட்டுகிறார்கள்! அங்கே தலைக்குமேல் மலை, மலைக்குமேல் இடுகாடு, அதற்கும் கீழே முட்டிபோட்டுக் கரி வெட்டினான் அப்பாவோடு, மூக்கைச் சிந்தினால் கறுப்பு, எச்சில் கறுப்பு, சனிக்கிழமை மத்தியானம் மேலே வந்து குளித்துக் கண்ணிமையில் கரி ஒட்டியிருக்கவே பந்து விளையாடப் போவான், பெண்பிள்ளை மாதிரி மையிட்டிருக்கிறான் பார் என்று அடுத்த ஊர்க்காரன் சிரித்தான், அவனுக்கு எதிராகத்தான் முதல் மூன்று கோல். பதினேழில் கிளப்பில் சேர்த்துக்கொண்டார்கள், பிறகு இங்கிலாந்து, மூன்றாம் டிவிஷன், புகைபிடித்த ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் ஒரு விதவை நடத்துகிற வாடகை வீடு, ஒவ்வொரு வருஷமும் கோல், கோல், கோல்... ஒரே ஒரு தடவை நாட்டுக்காக ஆட அழைப்பு வந்தது. சிவப்புச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இறக்கவேயில்லை, சட்டையில் ஒரு பொட்டு மண் படாமல் திருப்பி மடித்துக் கொடுத்தான். அன்றைக்கே முடிவு பண்ணினான், இனி எவனும் என்னைப் பெஞ்சில் உட்காரவைக்க முடியாது. அப்புறம் கப்பல். எழுபதில் மெல்பன், அங்கே ஒரு மாலையில் எதிரணித் தடியன் குறுக்கே விழுந்து முழங்காலைத் திருகினான், கிழித்துக் குருத்தெலும்பை எடுத்தார்கள், இனி நடக்கலாம், ஆடமுடியாது என்றார்கள், எழுபத்தொன்றிலேயே ஆடினான், எழுபத்திரண்டில் இருபத்திரண்டு கோல், அதற்கும் பிறகு சிட்னி, வாரநாளில் சூளையில் சுட்ட கல் தூக்கி, வாரக்கடைசியில் கோல் போட்டு, இப்போது எழுபத்தாறு, இந்த மக்கே வந்து பூட்ஸைக் கழற்று என்கிறான்... இவன் அப்பன் வந்து சொன்னாலும் கழற்றமாட்டேன்.

அந்த ஒரு பந்து போயிருந்தால் இந்தப் பேச்சே கிடையாது. முதல் பாதியின் கடைசியில், நேரே கோல்கீப்பர் மட்டும், தடுப்பாட்டக்காரன் ஒருவன் வலப்பக்கம் தொங்கிக்கொண்டு வந்தான், இவன் உதைத்தான், முழங்கால் பாதி வழியில் பிடித்துக்கொண்டது, பந்து கம்பத்துக்கு மேலே போய் மழைக்குள் விழுந்தது. இடது பக்கத்தில் ஒரு கை தூக்கியிருந்தது. பார்த்தானா? பார்த்தான். கண் பார்த்தது, கால் கேட்கவில்லை. இடது பக்கத்தில் எப்போதும் ஒரு கை தூக்கித்தான் இருக்கும், இந்திரகுமாரின் கை, சத்தமில்லாத கை... ஏன், கத்தியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ? கத்தக்கூடாது என்று சொன்னது யார்? சரி, நான்தான். அதற்கென்ன இப்போது.

எதிர்ப் பெஞ்சில் அவன் உட்கார்ந்து ஆரஞ்சுத் துண்டைத் தோல் உரித்துத் தின்கிறான், எல்லாரும் தோலோடு வாயில் அப்பிச் சப்பும்போது இவன் மட்டும் உரித்து, கொட்டையை உள்ளங்கையில் துப்பி... ஒல்லி, கறுப்பு, ஓடினால் புல்லே நசுங்காது. இலங்கையின் வடக்கே ஏதோ ஊர், வெறுங்காலில் ஆடிப் பழகினவன், ரயில்வே ஆபீசில் வரைபடம் போடுகிற உத்தியோகம். மார்ச்சில் முதல் பயிற்சிக்கு வந்தபோது எல்லாரும் கூப்பிடுகிறபடி டாய் என்று கூப்பிடச் சொன்னதற்கு நெளிந்தான். "இல்லை, மன்னிக்கோணும், எங்கட பாசையில டாய் எண்டா மரியாதையில்லாமல் அதட்டிக் கூப்பிடுறது. நீங்கள் மூத்த ஆள். அப்பிடிக் கூப்பிட என்ர வாய் வராது" என்றான். இவர்களின் இங்கிலீஷ் சொல்லுக்குச் சொல் மேலே ஏறி இறங்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம் வேல்ஸ் பள்ளத்தாக்கு ஆள் பேசுகிற மாதிரியே இருக்கும், அதனாலேயே அன்றைக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போய் என்ன, பத்து நிமிஷத்தில் கெடுத்தான். இடது ஓரத்தில் பறந்துகொண்டே பந்து கேட்டுக் கத்தினான், "அண்ணை! அண்ணை!" என்று. கோல் கம்பத்தடியில் நின்ற மால்டாக்காரன் கார்மெல் அப்படியே சேற்றில் உருண்டு சிரித்தான். "ஆனியாம்! ஏய் ஆனி, உன் ஆளு கூப்பிடுறான், போ கண்ணு!" என்று. ஆனி. பெண்பிள்ளைப் பெயர்! அடுத்த நாள் ப்ராஸர் சட்டை மாட்டுகிற ஆணிக்குமேல் சாக்குக்கட்டியால் ஆனி என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டிருந்தார்கள். கண்ணில் மை என்று சிரித்தவனையே விடாதவன் இதை விடுவானா, கார்மெலின் உதட்டைக் கிழித்தான், கிழித்த கையோடு கொட்டகைக்குப் பின்னால் இந்திரகுமாரைக் கூட்டிப்போய், "என்னை அப்படிக் கூப்பிடாதே. எப்படியுமே கூப்பிடாதே. பந்து வேணும்னா கையைத் தூக்கு, போதும்" என்றான். அவன் விளங்கப்படுத்த வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். "ஓம்" என்றான். ஓம் என்றால் சரி என்று அர்த்தமாம். அன்றிலிருந்து கைதான்.

ஜன்னல் கண்ணாடியில் தட்டுகிற சத்தம். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று பலகை இருப்பதால் வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு யோகா, இந்திரகுமாரின் அக்கா, ஆஸ்பத்திரித் தாதி, தம்பி ஆடுகிற எல்லா ஆட்டத்துக்கும் வந்து வேலியில் சாய்ந்து நிற்பவள். ஜன்னலைத் திறந்த தம்பியிடம் ஃபிளாஸ்க்கை நீட்டினாள், நீட்டின கையோடு ப்ராஸரின் முழங்காலை ஒரு பார்வை பார்த்தாள். "இதென்ன, பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. உதோட ஓடத்தான் போறியளோ?" "ஓடத்தான் போறேன்." "ஓடுங்கோ, ஓடுங்கோ. நாளைக்கு எங்கட வார்ட்டுக்குத்தான் வருவியள், நல்ல கட்டிலாப் பாத்து வைக்கிறன்." சிரிக்காமலே சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல், "பக்கத்தில என்ர தம்பியும் ஓடுறவன், கண்டனீங்களோ? எனக்கு வேலிக்கு அங்கால நிண்டே தெரியுது" என்றாள். "அக்கா, சும்மா இருங்கோ" என்று தம்பி ஜன்னலைச் சாத்தப் பார்த்தான். இவள்தான் ஏப்ரலில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்து வைத்துச் சொன்னவள், அது ஆனியுமில்லை கோனியுமில்லை, கூடப்பிறந்த மூத்தவனைக் கூப்பிடுகிற சொல், ஆரையும் கண்டபடி அப்பிடிக் கூப்பிடமாட்டம், தெரிஞ்சுகொள்ளுங்கோ, என்று. தெரிந்துகொண்டான். தெரிந்தும் போய், சரி, கூப்பிடு என்று சொன்னானா? சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும், சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்தால் கார்மெல் மறுபடியும் பூப்போடுவான், ஆட்டத்தில் அண்ணன் என்ன தம்பி என்ன, முன்னாட்டக்காரன் வாங்கப் பிறந்தவன், கொடுக்கப் பிறந்தவன் அல்ல, இந்த வருஷம் போட்ட ஒன்பது கோலும் இடது பக்கத்திலிருந்து வந்த பந்தில்தான் போட்டேன், அதற்கென்ன, போட்டது நான்தானே, பேப்பரில் என் பெயர்தானே... ஒன்பதுமா இடது பக்கத்திலிருந்து? ஒன்பதும்தான்.

மக்கே வந்தான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, ப்ராஸரின் காலைத்தான் முதலில் பார்த்தான். "இன்னும் கழற்றலையா?" "இல்லை." "டாய், எல்லார் முன்னாடியும் சொல்லவைக்காதே." "சொல்லு. எல்லார் முன்னாடியும் நானும் சொல்றேன், கழற்றமாட்டேன். இந்தக் காலை வெட்டி எடுத்துட்டு வேணும்னா பூட்ஸைக் கொண்டுபோ." யாரோ தும்மினார்கள். கார்மெல் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மக்கேயின் கழுத்து சிவந்தது, புது ஆளை இறக்குவதாகக் கமிட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், யாராவது ஒருவன் வெளியே வந்தே ஆகவேண்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போவேன், நீயே ஒரு நியாயம் சொல்லு என்றெல்லாம் அவன் பேச, இவன் மக்கேயின் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அசையாமல், மண் படாத அந்தச் சிவப்புச் சட்டையை நினைத்துக்கொண்டு, இனி ஒருக்காலும் இல்லை, ஒருக்காலும்... அப்போதுதான் எதிர்ப் பெஞ்சிலிருந்து, "நான் நிக்கிறன், கோச்" என்று கேட்டது. இந்திரகுமார் ஏற்கெனவே ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தான். "புது ஆள் என்ர இடத்தில ஓடட்டும். அண்ணை விளையாடட்டும்."

அண்ணை. நாலு மாதத்துக்குப் பிறகு, எல்லார் முன்னாலும். சிரிப்பு வரும் என்று ப்ராஸரின் முதுகு விறைத்தது, கார்மெலின் வாய் திறக்கவும் திறந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை, ஒருவனும் சிரிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். வேண்டாம், நீ ஆடு, நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம், அவனுக்கும் அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறது, கமிட்டி அவனையும்தான் பார்க்கிறது, வேலிக்கு அப்பால் அக்கா நிற்கிறாள், இதைப் பார்த்தால் அவள் என்ன... நாக்கு வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. அதற்குள் மக்கே "சரி, போய்த் தொலைங்க" என்றுவிட்டான், கதவு திறந்தது, எல்லாரும் எழுந்தார்கள், ப்ராஸர் குனிந்து கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். ஜெயித்துவிட்டான். ஜெயித்தது தானே?

மேட்டிலிருந்து பாட்டு மறுபடி ஏறியது, டாய், டாய், இடுகாட்டைக் காட்டுகிற கைகள், இவன் மோவாயைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு நேர்முன்னாலேயே நடந்தான், நொண்டாமல், நொண்டாமல் நடப்பதற்கு எவ்வளவு வலிக்கும் என்று அவர்களுக்கு என்ன தெரியும், பாடுங்கடா, உங்கள் தொண்டை கிழியும்வரை பாடுங்கள், நான் சாகவில்லை, சாவதாகவும் இல்லை. நடுவட்டத்தில் பந்து சேற்றில் காத்திருந்தது. இடது பக்கத்தைப் பார்த்தான், பழக்கம். புது ஆள் நின்றான், வந்ததும் வராததுமாக "டாய், எனக்கு! டாய்!" என்று கத்திக்கொண்டிருந்தான், நன்றாகக் கத்துகிறான், அவன் வாயை எவனும் அடைக்கவில்லை. அதற்கும் அப்பால் பெஞ்சில் துவாலையைப் போர்த்திக்கொண்டு இந்திரகுமார். இந்த இடமும் அங்கேயிருந்துதான் வந்தது, இடது பக்கத்திலிருந்து, காலடிக்கு அளந்து, ஒன்பது கோலுக்கும் வந்த மாதிரியே, இவன் செய்யவேண்டியதெல்லாம் வாங்கிக்கொள்வதுதான், வாங்கிக்கொண்டான். சுரங்கத்தில் ஒரே கரிச்சுவரில் சேர்ந்து வெட்டுகிறவனைப் பட்டி என்போம், பட்டி உனக்காக ஒரு வண்டி கரி நிரப்பினால் நீ அவனுக்கு ஒன்று நிரப்பவேண்டும், நிரப்பாதவனோடு எவனும் ஒரே மேசையில் பீர் குடிக்கமாட்டான், அப்பாவும்கூட... சே, இப்போதா இதெல்லாம் ஞாபகம் வரவேண்டும். நடுவர் விசிலை வாயில் வைத்தார். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். நான் இன்னும் போட்டுக் காட்டுகிறேன், ஒன்றல்ல இரண்டு. ஆனால் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படிப் பாஸ் கொடுப்பது? இந்திரகுமாருக்கு ஒரு பந்து தரவேண்டும். இன்னும் தரவில்லை.