கூழ் அண்டாவில் இறங்கிய மோட்டார்

வேம்புவின் உள்ளங்கையில் சொட்டியது எண்ணெய் மாதிரியே இல்லை, பிள்ளைகளே. கடைந்து வைத்த மோரைப் போல வெள்ளை வெளேரென்று வழிந்தது.

“மறுபடியும் பால்தான்” என்றான் அவள் புருஷன் தெய்வசிகாமணி. கழற்றிய திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு குருசுக்குப்பத்து மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டார் அது. தலை மேலே இருக்கும், கால் கடலுக்குள் தொங்கும். காலடியில் ஒரு பெட்டி. அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டே விசிறியைச் சுற்றிவிடும், படகு பாயும். அந்தப் பெட்டிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் எண்ணெய் வெளுத்துவிடும். வெளுத்த எண்ணெயோடு ஓட்டினால் பல்லெல்லாம் துரு ஏறித் தேய்ந்து, ஒருநாள் நடுக்கடலில் நின்றுபோகும். தண்ணீர் புகுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வழியாக என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு கப்பலேறிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போன மோட்டார். தெய்வசிகாமணியும் அவன் சித்தப்பா மகன் முருகையனும் பங்கு போட்டு வாங்கியது. அதை வாங்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவள் வேம்புதான். ஏன் நிற்கமாட்டாள்? போன ஐப்பசியில் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போய், துடுப்புப் போட்டுப் போட்டுக் கை மரத்து, கடலூர்ப் பக்கம் கரை ஏறி, மறுநாள்தான் நடந்தே வந்து சேர்ந்தான் அவள் புருஷன். அதுவரை அலை ஓரத்தில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள் அவள். மோட்டார் வந்த பிறகுதான் கண்மூடித் தூங்குகிறாள்.

அன்றைக்கு முருகையன் ஒரு சேதியோடு வந்தான்.

“அண்ணே, கடலூர்லேருந்து ஆளு சாயங்காலம் வர்றாரு. மோட்டார அவருகிட்ட தள்ளிடுவோம். பொட்டி வெடிச்சிருக்குன்னு மேஸ்திரியே சொல்லிட்டாரு. பிரான்சுலேருந்து புதுப் பொட்டி வர்றதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்துடுவான்.”

“வெடிச்சிருக்குன்னு நான் எங்கடா சொன்னேன்? வெடிச்சிருக்கலாம்னு சொன்னேன்” என்றார் பக்கத்தில் நின்ற சைக்கிள் கடை மேஸ்திரி கோவிந்தசாமி. துரை காலத்திலிருந்தே அந்த மோட்டாரைப் பார்த்துவருகிறவர். திருகாணிக்கு அடியில் வைக்கிற வளையத்தை மாற்றிப் பார்த்தார், எண்ணெயை மாற்றிப் பார்த்தார். கடலுக்குப் போய் வந்தால் மறுபடி பால்.

“வெடிப்ப யாராச்சும் கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டாள் வேம்பு.

“மயிரிழை வெடிப்பு அண்ணி. கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாதத நம்பி, கண்ணுக்குத் தெரியிறத விக்கப் போறியாக்கும்.” அவள் மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். “ஏன் மேஸ்திரி, சைக்கிள் டியூப்புல ஓட்டைன்னா கண்ணாலயா தேடுறீங்க?”

மேஸ்திரி வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்தார். “காத்தடிச்சுத் தண்ணியில முக்குவேன்” என்றார் மெதுவாக. பிறகு, “அட, இதையும் முக்கிடலாமே!” என்று கத்திக்கொண்டு பம்பு எடுக்க சைக்கிளில் ஏறினார்.

மோட்டார் கால் முழுக்க முங்குகிற பாத்திரம் குப்பத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டா. அது ஆயம்மா வீட்டுக் காவலில் இருந்தது.

“ஆத்தாளுக்குக் கூழு காய்ச்சுற அண்டாவுல அந்த நாத்தம் புடிச்சதையா எறக்குவ?” என்று ஆயம்மா வாசலை மறித்தாள்.

“புளி போட்டுத் தேச்சு, பொன்னாட்டம் குடுக்கறேன் பெரியம்மா. எம் புருஷன் கரைக்கு வந்து சேரணும்னுதானே கேக்கறேன். ஆத்தாவா கோவிச்சுக்குவா?”

ஆயம்மா முனகிக்கொண்டே வழியை விட்டாள். விட்டதோடு நிற்காமல், வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தாள்.

அண்டா நிறைய நல்ல தண்ணீர். பெட்டியில் எண்ணெய் வடிக்கிற கீழ்த்துளையைத் திருகாணியால் மூடி, மேல்துளையில் டியூப் துண்டைச் சுற்றிப் பம்பின் மூக்கைச் செருகினார் மேஸ்திரி. தெய்வசிகாமணி அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மோட்டாரின் காலை அண்டாவுக்குள் இறக்கினார்கள். மேஸ்திரி காற்றடித்தார். எல்லோருடைய தலையும் அண்டாவுக்கு மேல் கவிந்தது.

ஒன்றுமில்லை. ஒரு குமிழி கூட எழவில்லை.

“என்ன அண்ணி, கூழு வெந்துடுச்சா?” என்றான் முருகையன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தெய்வசிகாமணியின் முகம் தொங்கிப்போனது. வேம்புவின் கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை.

“சிரிங்க, சிரிங்க. பொட்டி வெடிச்சிருந்தா இந்நேரம் குமிழி வந்திருக்கணுமா இல்லையா?”

மேஸ்திரி நிமிர்ந்தார். “வந்திருக்கணும்.”

“வரல. அப்ப வெடிப்பு இல்ல. இங்க இது சும்மா நிக்குது. கடல்ல சும்மாவா நிக்குது? சுத்துதுல்ல? நீங்க காத்தடிங்க மேஸ்திரி.”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தோள் வரை கையை அண்டாவுக்குள் விட்டு, விசிறியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினாள்.

அரைச் சுற்று. ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம்.

விசிறிக்குப் பின்னாலிருந்து ஒரு குமிழி, வெட்கப்படுகிற மாதிரி எட்டிப் பார்த்தது. அடுத்து இரண்டு. பிறகு உலை கொதிக்கிற மாதிரி வரிசையாக மேலே வந்து உடைந்தன.

“வருது! வருது!” என்று முதலில் கத்தியது ஆயம்மாதான்.

மேஸ்திரி விசிறியைக் கழற்றினார். அது மாட்டியிருந்த தண்டின் கழுத்தில், பிசுபிசுவென்று ஏதோ சுற்றிக் கிடந்தது. கத்தி முனையால் நெம்பி இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கறுப்பு நூலும் நைலான் நரம்பும் சேர்த்து முறுக்கிய கயிறு.

வேம்புவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதன் முடிச்சை அவளுக்குத் தெரியும். அவளே போட்ட முடிச்சு.

“இது யாரு வேல?” என்றார் மேஸ்திரி. “தண்டச் சுத்தி ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கும், சீலுன்னு பேரு. அதான் தண்ணிய உள்ள விடாம புடிச்சுக்கும். இந்த நைலான் நழுவி உள்ள போயி அதோட உதட்ட அறுத்துடுச்சு. சுத்தும்போதெல்லாம் தண்ணி உள்ள பூந்திருக்கு.”

“நாந்தான் கட்டுனேன்” என்றாள் வேம்பு. “ஊரு கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மோட்டாரு கால்ல காப்புக் கட்டுனேன். வெறும் நூலு உப்புத் தண்ணியில அத்துப் போயிடுமேன்னு, துரையோட தூண்டில் பொட்டியில கெடந்த நைலானையும் சேத்து முறுக்குனேன்.”

தெய்வசிகாமணிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. “அடிப்பாவி! அத்துப் போற நூலா கட்டியிருந்தா மோட்டாராச்சும் பொழச்சிருக்குமே!” என்று மணலில் புரண்டு சிரித்தான். அவளும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பழைய மோட்டார் சைக்கிளில் கழற்றிய சீல்கள் மேஸ்திரி கடையில் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதில் ஒன்று அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மறுபடி காற்று, மறுபடி அண்டா. வேம்பு விசிறியைச் சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். குமிழியே இல்லை, தண்ணீர் அவள் முகத்தைத்தான் காட்டியது.

புது எண்ணெய் ஊற்றிப் படகைத் தள்ளும்போது கடலூர் ஆள் வந்து நின்றார். “கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு முருகையனும் படகில் தாவினான். பிள்ளைச்சாவடி வரைக்கும் நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு வடக்கே போய்த் திரும்பி வந்தார்கள்.

மோட்டாரைக் கரையில் சாய்த்து, திருகாணியைத் தளர்த்தினார் மேஸ்திரி. வேம்பு உள்ளங்கையை நீட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். தேன். அசல் தேன் நிறம்.

கையை உயரத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பினாள். குப்பமே ஓ என்று கூவியது.

“என்னப்பா, பேசி முடிச்சிடலாமா?” என்றார் கடலூர்க்காரர்.

“எந்த மோட்டாரு?” என்றான் முருகையன். “எங்க அண்ணி மோட்டாரா? அத யாருங்க விக்கறது? வந்ததுக்கு ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

வேம்பு அந்தக் கறுப்புக் கயிற்றைத் தேடி எடுத்தாள். மேஸ்திரி பதறிப்போய்க் கைகூப்பினார். “தாயே, வேண்டாம், மறுபடி கால்ல கட்டிடாத!”

“நைலான உருவிட்டேன் மேஸ்திரி” என்று சொல்லி, மிச்சமிருந்த நூலைப் புருஷனின் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். பிறகு அவள் புளியை எடுத்துக்கொண்டு, ஆத்தாளின் அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள்.