ஒப்புக்குச் சப்பாணி

தையற்கடையின் மாடிச் சன்னலுக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் பள்ளிக்கூடத்து மைதானம். சுற்றுச்சுவர் உயரமானது, ஆகவே சன்னலோரம் அமர்ந்து தைப்பவளுக்கு மைதானத்தின் தொலைவிலுள்ள பாதி மட்டுமே தெரியும். சுவரை ஒட்டிய மறுபாதியை அவள் காதால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் மகள் ஆடுவது அந்த மறுபாதியில்.

மகளுக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை. அடிப்பாகம் உயர்த்திய காலணி அணிந்து நடப்பாள். பழைய பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால், மற்றப் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு அவளே காவல். இந்தப் பள்ளிக்கு மாறியபின் ஒரு மாலை, "நானும் கிளித்தட்டு ஆடுறேம்மா" என்றாள்.

"நீ என்னடி பண்ணுவ அதுல?"

"கோட்டுல நிப்பேன்."

கோட்டில் நிற்பதென்றால் ஓரமாக நிற்பது என்று தாய் எடுத்துக்கொண்டாள். சீருடைப் பையில் நாள்தோறும் சுண்ணாம்புத்தூள் படிந்து வந்ததற்கும், மகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள் போலும் என்று தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொண்டாள். கேட்டால் மகளின் முகம் வாடுமோ என்று கேட்கவில்லை.

அன்று மதிய இடைவேளை. சட்டைக் காலர் ஒன்றைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் ஓங்கி எழுந்தது.

"ஏய், சப்பாணியை விடுங்கடா. ஒப்புக்குச் சப்பாணிக்கு அவுட் கிடையாது."

கூடவே ஒரு கூட்டச் சிரிப்பு.

தையல் மிதியில் இருந்த அவள் கால் நின்றது. ஆட்டத்தில் பெயரளவுக்குச் சேர்த்துக்கொண்டு, தொட்டாலும் தொடாததாகவே கொள்ளும் பிள்ளைக்கு அந்தப் பெயர். சிறுமியாய் இருந்தபோது அவளே எத்தனையோ பேரை அப்படி அழைத்திருக்கிறாள். ஆனால் தன் மகளை ஒருவர் அப்படி அழைத்தால், அதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

"என்னம்மா, ஊசி குத்திடுச்சா?" என்றார் துணி வெட்டும் மாஸ்டர்.

"குத்திடுச்சு மாஸ்டர்."

"எங்க?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. படிக்கட்டின் பாதியில் இருந்தாள்.

பிள்ளைகளால் 'பெரிய டீச்சர்' எனப்பட்ட தலைமையாசிரியை, வந்தவளின் கழுத்தில் மாலைபோல் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்துவிட்டு, "உட்காருங்க" என்றார்.

"உட்கார வரலங்க. எம் பொண்ணை எல்லாரும் சப்பாணிங்கிறாங்க. என் காதாலயே கேட்டேன். ஆட்டம்னு சொல்லிட்டு இப்படியா?"

பெரிய டீச்சரின் முகம் இறுகியது. மேசைமேல் கிடந்த விசிலை எடுத்துக்கொண்டார். "வாங்க என்கூட. அந்த ஆட்டத்துக்கு இன்னியோட முழுக்கு."

இருவரும் சுவரோரத் திருப்பத்தை அடைந்தபோது ஆட்டம் உச்சத்தில் இருந்தது. தரையில் சுண்ணாம்புத்தூளால் கட்டம் கட்டமாகக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிப்பவர் ஒருவர். கோட்டைவிட்டு இறங்காமல் பக்கவாட்டில் மட்டுமே நகரலாம். ஓடும் அணியினர் தொடுபடாமல் எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். கடைசிக் கோட்டில், காற்றில் அசையும் கொடிபோல் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நகர்ந்துகொண்டிருந்தாள் மகள்.

எதிரே நெட்டையன் ஒருவன். இடப்புறம் பாய்வதுபோல் தோளை ஆட்டினான். அவள் அசையவில்லை. அவள் பார்வை அவன் முகத்திலும் இல்லை, தோளிலும் இல்லை, முழங்காலில் இருந்தது. அவன் வலப்புறம் எகிறினான். அவள் கை அதற்குமுன்பே அங்கே இருந்தது.

"அவுட்."

"போச்சுடா. பூட்டுகிட்ட ஏன்டா போய் மாட்டின?" என்று பின்னாலிருந்து ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேற வழி? அவதான் மொத்தத்தையும் பூட்டி வச்சிருக்காளே."

பூட்டு என்றது தன் மகளை என்று தாய்க்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அதற்குள் மகள் குனிந்து, பையிலிருந்து சுண்ணாம்புத்தூளை அள்ளி, நெட்டையனின் கால் கலைத்த கோட்டை விரலால் நேர்செய்தாள். அங்கிருந்த கோடுகளில் அவளுடையதே நூல்பிடித்தாற்போல் இருந்தது.

விசில் ஒலித்தது. எல்லாரும் நின்றார்கள். தாயைக் கண்டதும் மகளின் முகம் வெளுத்தது.

"இங்க யாரைச் சப்பாணின்னு கூப்பிட்டது?" என்றார் பெரிய டீச்சர். "உண்மை வரலன்னா கிளித்தட்டே இனி கிடையாது."

மகள் தாயை ஏறிட்டு நோக்கினாள். அந்தப் பார்வையில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

கட்டத்தின் நடுவிலிருந்து, முன்பற்கள் விழுந்த முதல் வகுப்புப் பொடிசு ஒன்று கையைத் தூக்கியது. "நான்தான் டீச்சர் சப்பாணி."

"நீயா? உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு? என்னை யாராலயும் அவுட்டாக்க முடியாதே."

"அவ சின்னவ டீச்சர்" என்றாள் மகள், மெல்ல. "கீழ விழுந்துடுவா. அதான்."

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "மொத நாளு இவளைத்தான் டீச்சர் ஒப்புக்கு வச்சுக்கலாம்னு நெனச்சோம். ஒத்துக்கவே மாட்டேன்னுட்டா. தொட்டா அவுட்டுன்னு சொல்லுங்க, இல்ல நான் வரலன்னா. சரி, கோட்டுல நில்லுன்னோம். அன்னிலேர்ந்து நாங்கதான் அவுட்."

தாய் கேட்கத் தயங்கிய கேள்விக்கு, மகள் இந்த மைதானத்தில் என்றோ விடை சொல்லி முடித்திருக்கிறாள்.

"டீச்சர்" என்றாள் தாய். "நான்தான் அவசரப்பட்டுட்டேங்க. ஆட்டத்தை நிறுத்தாதீங்க."

பெரிய டீச்சர் பொடிசைப் பார்த்தார். "ஆட்டம் இருக்கட்டும். அந்தச் சொல் வேண்டாம். வேற பேர் வைங்க."

பொடிசின் உதடு பிதுங்கியது. பட்டம் பறிபோகும் துயரம். பின்பு அதன் முகம் மலர்ந்தது. "அப்ப நான் பெரிய டீச்சர். பெரிய டீச்சரை யாரும் அவுட்டாக்க மாட்டாங்க இல்ல?"

சிரிப்பை அடக்கப் பிள்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. பெரிய டீச்சர் விசிலை வாயில் வைத்து ஊதாமல் திரும்பி நடந்தார். அவர் முதுகும் இலேசாகக் குலுங்கிற்று.

"அம்மா, கோட்டை மிதிச்சுட்டு நிக்கிற."

தாய் குனிந்து பார்த்தாள். விலகுவதற்குப் பதிலாகப் புடவையை இழுத்துச் செருகினாள். "நான் ஒரு தடவை தாண்டிப் பாக்கட்டுமா?"

"தொட்டா அவுட்டுதான். அம்மான்னு பாக்க மாட்டேன்."

"பாக்காத."

இடப்புறம் தோளை ஆட்டினாள். தலையைத் திருப்பினாள். கண்ணால் ஒரு பொய் சொன்னாள். எதுவும் செல்லவில்லை. வலப்புறம் பாய்ந்தபோது முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. இரக்கம் கலவாத, முழுமையான அடி.

"அவுட்டும்மா" என்றாள் மகள், அடுத்த ஆளுக்காகக் கோட்டைச் சரிசெய்தவாறே.

தாய் கடைப்படி ஏறி வந்து, விட்ட இடத்திலிருந்து காலரை எடுத்தாள்.

"முதுகுல என்னம்மா, வெள்ளையா கை அச்சு?" என்றார் மாஸ்டர். "தட்டி விடட்டுமா?"

"கை வைக்காதீங்க மாஸ்டர்" என்றாள் அவள். "எம் பொண்ணு என்னை அவுட்டாக்கிட்டா."