கடைசி வரிசைக்குத் தெரியாத வலி

"பொய்ச் சண்டைக்கு மெய்யாக மார்க் போடுகிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா?" என்று அவளைக் கேட்காத உறவினர் கிடையாது. அவளுக்குச் சிரிப்பு வராது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்த மேடை மல்யுத்தம்தான். ஆனால் விழுகிற உடம்பு பேச்சுக்குக் கட்டுப்படுமா? எவன் ஒழுங்காக விழுகிறான், எவன் அடிபடாத இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அலறுகிறான் என்று பார்த்து, சண்டைக்குச் சண்டை ஸ்டார் போட்டுப் பத்திரிகையில் எழுதுவாள். வாரக் காட்சி முடிந்த மறுநாள் அவள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பல பயில்வான்கள் பல்லே தேய்ப்பார்கள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காகவே படித்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் எழுதியதில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு 'கரும்பாறை' என்ற பெயரில் மேடையேறுகிறவன் அவள் கூடப் பிறந்த தம்பி. அது வெளியே தெரிந்தால் அவள் போடும் ஸ்டாருக்கு மதிப்பு இருக்காது. அதனால் அவனுக்கு மட்டும், வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்கிற கணக்கில், தேடித் தேடிக் குறை எழுதுவாள்.

அன்று காலையும் அந்தப் பேச்சுதான்.

"கரும்பாறை விழுந்தால் கரப்பான்பூச்சி மல்லாந்த மாதிரி காலை உதறுகிறார்னு எழுதியிருக்க. நல்லா இருக்கா இது?" என்றான் தம்பி, தட்டை அலம்பியபடி.

"நீ உதறுறது நல்லா இருக்கா? வலிச்சா யாருடா அப்படி உதறுவாங்க?"

"நிஜ வலி ரொம்பச் சின்னதுக்கா. கடைசி வரிசைக்குத் தெரியாது. அவங்களுக்கும் சேர்த்துதான் உதறுறேன்."

"கொஞ்சம் அடங்கி விழு, போதும்."

"சரிம்மா தாயே, இன்னிக்கு அடங்கியே விழறேன்."

"கை தட்ட மறந்துடாத."

அது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. பெரிதாக விழுந்தால் இடது கையால் தரையை இரண்டு முறை தட்டவேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவன் வலியில் துடிப்பது போல இருக்கும். அக்காவுக்கு மட்டும், எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவன் ஒருமுறைகூடத் தட்டத் தவறியதில்லை.

மாலைக் காட்சியில் அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் இரண்டு சண்டைகளும் உப்புச் சப்பில்லாதவை. மூன்றாவது, கரும்பாறைக்கும் 'டிராக்டர்' என்று எல்லோரும் அழைக்கும் மலை போன்ற ஆளுக்கும். டிராக்டர் அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றி எறிந்தான். தம்பி காற்றில் திரும்பவேண்டிய அளவு திரும்பவில்லை. முதுகு படவேண்டிய இடத்தில் பிடரி பட்டது. பலகை அதிர்ந்த சத்தம் அவள் மேசை வரை வந்தது.

காலை உதறவில்லை. அசையாமல் கிடந்தான்.

பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான் என்று நினைத்தாள். 'இன்று கரும்பாறையின் வீழ்ச்சியில் ஒரு புதிய அடக்கம்' என்று தட்டச்சு கூடச் செய்துவிட்டாள். பக்கத்தில் இருந்த புகைப்படக்காரர், "மேடம், நீங்க எழுதினதைப் படிச்சிருக்கான்போல. பொணம் மாதிரியே கிடக்கிறான்" என்று சிரித்தார். அந்தச் சொல்லில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. இடது கையைப் பார்த்தாள்.

கை சும்மா கிடந்தது.

இப்போது தட்டுவான், இதோ தட்டுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முகமூடிக்குள் என்ன நடக்கிறது என்று யார் கண்டார்? நடுவர் டிராக்டரோடு வாய்ச்சண்டை போடுகிற தன் பாத்திரத்தில் மும்முரமாக இருந்தார். டிராக்டரோ மூலைக் கம்பத்தில் ஏறத் தொடங்கியிருந்தான். அங்கிருந்து குதித்து, கிடக்கிறவன் நெஞ்சின் மேல் முழு எடையோடு விழுவதுதான் அவனுடைய முத்திரை முடிவு. கீழே இருப்பவன் கடைசி நொடியில் கையை மடக்கித் தாங்கினால்தான் அது வித்தை. தாங்காவிட்டால் கொலை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். தடுப்புக் கம்பி அருகே நின்ற காவலாளி வழிவிட்டு, "உங்க சீன் இருக்குன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே மேடம்" என்றான்.

"சீன் இல்லைங்க. அவனுக்கு நிஜமாவே அடிபட்டிருக்கு."

"சூப்பர்" என்றான் அவன்.

மேடையில் ஏறிக் கயிற்றுக்குள் நுழைந்து, தலைக்கு மேல் இரு கைகளையும் குறுக்காகப் பிடித்தாள். நிஜக் காயம், நிறுத்துங்கள் என்று நடுவர்கள் காட்டுகிற சைகை அது. ஆனால் காட்சி நடத்துகிறவர்கள் ஒரு வருடமாகவே பரபரப்புக்காக அதைப் பொய்யாகக் காட்டி வந்தார்கள். 'புலி வருது கதை ஆகப்போகிறது, விட்டுவிடுங்கள்' என்று கண்டித்து எழுதியவளே அவள்தான். இன்று புலி வந்துவிட்டது. அரங்கமே எழுந்து நின்று விசிலடித்தது. வர்ணனையாளர், "யார் இந்தப் பெண்? கரும்பாறையின் ரகசியக் காதலியா?" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.

"நிறுத்துங்க. அவன் என் தம்பி" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கைதட்டல் இரண்டு மடங்கானது. நடுவர் அவள் தோளைப் பிடித்து, யார் உள்ளே அனுப்பினார்கள் என்று கண்ணால் விசாரித்தார். கத்தக் கத்த அவள் நல்ல நடிகை ஆகிக்கொண்டிருந்தாள். அவளே விமர்சனம் எழுதியிருந்தால் மிகை என்று எழுதியிருப்பாள்.

டிராக்டர் கம்பத்தின் உச்சியில் கையை விரித்துவிட்டான்.

நிஜ வலி ரொம்பச் சின்னது என்று காலையில் தம்பி சொன்னது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. நடுவரை உதறிவிட்டு ஓடி, டிராக்டரின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கேட்கிற குரலில் சொன்னாள்.

"அண்ணா, குதிக்காதீங்க. அவன் கை தட்டல. ஒவ்வொரு தடவையும் தட்டுவான், இன்னிக்குத் தட்டல. இறங்கிடுங்கண்ணா."

முதல் வரிசைக்குக்கூட அது கேட்டிருக்காது. டிராக்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கீழே கிடந்தவனைப் பார்த்தான். வில்லன் முகம் கழன்று, வெறும் மனிதனின் முகம் வந்தது. கம்பத்தைப் பிடித்து மெல்ல, படியிறங்குகிற கிழவரைப்போல, இறங்கினான். கூட்டம் 'ஊ' என்று கத்தியது. நடுவர் மண்டியிட்டுத் தம்பியின் விரல்களைப் பற்றி, அழுத்து என்றார். விரல்கள் அழுத்தவில்லை. அதன் பிறகு நடுவரும் தன் பாத்திரத்தை விட்டுவிட்டார்.

கழுத்து அசையாமல் பலகையில் கட்டி அவனைத் தூக்கிச் சென்றபோதும் கைதட்டல் ஓயவில்லை.

மருத்துவமனையில் அவனுக்கு நினைவு திரும்பியிருந்தது. முகமூடியை வெட்டி எடுத்திருந்தார்கள். கழுத்தில் பட்டை. தண்டுவடத்தில் அடி இருக்கிறதா என்று படம் வந்தால்தான் சொல்லமுடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். அவள் அவன் கட்டிலருகே போய் நின்றாள்.

அவளைக் கண்டதும் இடது கையால் கட்டில் கம்பியை இரண்டு முறை தட்டினான்.

"பார்த்தல்ல. தட்டிட்டேன். ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ."

அவளுக்கு அது போதவில்லை. பாதி உயிர் போயிருந்தாலும் அக்காவுக்காகத் தட்டுகிற பயல் அவன். வலிக்காததை வலிக்கிறது என்று காட்டிப் பிழைக்கிறவனுக்கு, வலியை மறைப்பதா பெரிய வித்தை? மற்றவர்களின் நடிப்பைப் பிட்டுப் பிட்டு வைத்தவளுக்கு, இந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

"கால் எப்படி இருக்கு?"

"கால் காலாத்தான் இருக்கு. கூட்டம் எந்திரிச்சு நின்னுச்சாமே, நிஜமா?"

பேச்சை மாற்றுகிறான். அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். பட்டை போட்ட கழுத்தால் அவன் அவளைப் பார்க்கமுடியாது. போர்வைக்குள் கைவிட்டுப் பெருவிரலைப் பிடித்துக் கிள்ளினாள்.

"டிராக்டர் அண்ணன் வெளியே அழுதுட்டு இருக்காராமே. நர்ஸ் சொன்னாங்க" என்று அவன் பேசிக்கொண்டே போனான்.

கிள்ளியும் அசையாத அந்தக் கால் தன்னுடையதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இன்னொரு முறை, நகம் பதிய, உள்ளங்காலில் கிள்ளினாள்.

"ஸ்" என்றான்.

அவ்வளவுதான். சுண்டெலி மூச்சுவிட்ட மாதிரி ஒரு சத்தம். முகம் சுளிக்கவில்லை, கால் உதறவில்லை. பெருவிரல் மட்டும் நெல்லளவு மடங்கி நிமிர்ந்தது. மேடையில் இப்படி ஒரு வலியைக் காட்டியிருந்தால் அரை ஸ்டார்கூடப் போட்டிருக்கமாட்டாள்.

அவள் நம்பினாள். போர்வையோடு அந்தக் காலைக் கட்டிக்கொண்டு, கால்மாட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"என்னக்கா இது? கிள்ளினது நீ, வலிச்சது எனக்கு. நீ எதுக்கு அழற?" என்றான் தம்பி, கூரையைப் பார்த்தபடி.