கழுத்துப் பொத்தான்

கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகும் சட்டைக்குள் அவள் கை முழுசாக நுழைந்தது.

அப்பா கோர்ட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைதான். போன வருடம் வரை இறுக்கமாக இருந்தது. இப்போது காலர் ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாக, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் மாதிரி இருந்தன. அம்மா சட்டையைப் பின்னால் சுருட்டி ஊக்கு குத்திப் பார்த்தாள். தலையை மெதுவாகத் தலையணையில் இறக்கியதும் காலர் மறுபடியும் காதுவரை ஏறிக்கொண்டது.

"வேண்டாம். எல்லாச் சட்டையும் இதே அளவுதான். புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துரு," என்றாள் அம்மா.

"போன்ல ஆர்டர் போட்ட சட்டைதான் இன்னிக்கு வந்துருமேம்மா."

"சாயந்திரம் வரும். அதுவரைக்கும் அவரைக் காக்க வைக்கச் சொல்றியா?"

அப்பா விடியற்காலையில் இறந்திருந்தார். தண்ணீர் கேட்டார், அம்மா எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. டம்ளர் இன்னும் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தது. யாரும் அதை எடுக்கவுமில்லை, குடிக்கவுமில்லை. வெயில் அதற்குள் இறங்கிச் சுவரில் ஒரு சின்ன வெளிச்ச வட்டத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அழுது ஓய்ந்து, இப்போது தம்பியைத் திட்டும் கட்டத்துக்கு வந்திருந்தாள்.

"சின்ன வயசுலயே இவனுக்குக் கழுத்து சரியா நிக்கணும். கால்ல செருப்பு இருக்காது, சட்டை மட்டும் இஸ்திரி போட்டிருக்கணும். இப்பப் பாரு, தொளதொளன்னு. எழுந்து பாத்தான்னா நம்மளத்தான் கத்துவான்."

"நான் போயிட்டு வரேன்," என்று வாசற்படியில் நின்றிருந்த, அப்பாவின் ஜூனியர் வக்கீல் செருப்பை மாட்டப் போனார்.

தலை நரைத்த பிறகும் அவர் ஜூனியர்தான். அப்பா அவருக்கு வைத்த பெயர் 'வாய்தா'. வேறு தேதி கேட்பதற்கென்றே அவரைக் கோர்ட்டுக்கு அனுப்பிவைப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் மறுக்க மனசு வராது என்பார்.

"நீங்க இருங்க. அவ போகட்டும்," என்றாள் அம்மா.

"அந்தப் பெரிய கடைக்கா?" என்றாள் அவள்.

"வேற எங்க? இந்த ஊர்ல இப்ப எல்லாக் கடையும் அவனோடதுதானே."

"நான் அங்க போகமாட்டேன்னு உனக்குத் தெரியும்ல?"

ஜூனியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு செருப்பைத் திரும்பக் கழற்றினார். அம்மா அப்பாவின் சட்டையிலிருந்து ஊக்கை எடுத்துத் தன் வளையலில் மாட்டினாள்.

"உங்கப்பாவுக்குத்தான் கேக்கறேன். எனக்கு இல்ல," என்றாள்.

*

அவளுடைய சின்ன வயதில் வீட்டின் முன்னறை நிறைய எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். ஒன்றாகச் சேர்ந்து தொழில் தொடங்கி, ஒன்றாக உட்கார முடியாமல் போன பங்குதாரர்கள் எதிரெதிர் நாற்காலிகளில் விறைத்திருப்பார்கள். பெரிய கம்பெனிகள் ரகசியமாகக் கூடிப் பேசி விலையை ஏற்றிவிட்டன என்று சிறு வியாபாரிகள் வருவார்கள். அவர்களுக்கு நடுவே, நிறத்துக்காகவோ பிறப்புக்காகவோ ஊனத்துக்காகவோ எங்காவது வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அப்பா முதலில் கூப்பிடுவார்.

அவர்கள் எல்லாரும் போன பிறகு, மறுநாள் பேசப்போவதை அவளிடம் பேசிக் காட்டுவார். ஓட்டையைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் கண்டுபிடித்துவிடுவாள். "எங்க வீட்டு எதிர்த்தரப்பு," என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அவள் கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்தபோது பெரிய துணிக்கடையின் விற்பனைப் பெண்கள் வந்தார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு பூட்டும்வரை அவர்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாதபோதும், காய்ச்சலென்றாலும், வயிற்றில் பிள்ளை இருந்தாலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் அபராதம். ஒருத்தி முன்னறையில் தன் புடவைக் கரையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினாள். ஈரக் கயிறுகளைத் தோலுக்கு அடியில் சுற்றிவைத்த மாதிரி நரம்புகள். லிஃப்டுக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் நிற்பவள் என்பதால் மற்றவர்கள் அவளை லிஃப்ட் அக்கா என்றார்கள். கடைக்கு எதிரே நடைபாதையில் அந்தப் பெண்கள் அட்டை பிடித்து உட்கார்ந்தபோது, அவளும் கல்லூரிக்குப் போகாமல் லிஃப்ட் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். உலகமே அந்த நடைபாதையில்தான் திரும்பப்போகிறது என்று நினைத்த வயது.

கடை மேலாளரை அப்பா கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கவேண்டிய நாள். அவள் புது உடை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

"என்னப்பா முடிஞ்சுது?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"வழக்கு."

"அதான், என்ன முடிவு?"

"சொல்லக்கூடாதும்மா. அதுவும் ஒரு நிபந்தனை. கையெழுத்து போட்டிருக்கேன்."

"எவ்வளவு வாங்கினீங்க?"

அப்பா தட்டைப் பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அந்த மாதமே வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கிறவரிடம் கூலியைப் பேசி முடித்து ரொம்ப நாளாயிற்று என்று அம்மா சொன்னாள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த வருடம் பெரிய கடை மற்றத் துணிக்கடைகளை ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தது. எல்லாம் ஒரே கைக்குப் போனால் துணிக்கு விலையும் ஆளுக்குச் சம்பளமும் அவன் வைத்ததுதான் என்று அப்பா எதிர்த்து வாதாடினார். தோற்றார். அப்போது அவள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அம்மா போனில் சொன்னதும், "ஏற்கெனவே வித்தாச்சு, அப்புறம் எதுக்குச் சண்டை?" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் அப்பா அவளிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார். மழை பெய்ததா, ரயில் எத்தனை மணிக்கு, இப்படி. லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்று மட்டும் கேட்பார்.

"கடைத்தெருப் பக்கம் போனா அந்தப் பெரிய கடையில ரெண்டு கைக்குட்டை வாங்கிட்டு வாயேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் வாங்கிவந்து கொடுப்பாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்.

"அங்க வாங்கலையா?"

"இல்ல."

"சரி."

அந்தக் கைக்குட்டைகள் எல்லாம் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கியிருந்ததை இன்று காலை சட்டை எடுக்கும்போதுதான் பார்த்தாள்.

போன வாரம் அவள் வந்து இறங்கியதும் படுக்கையிலிருந்தபடியே கேட்டார். இந்த முறை கைக்குட்டை இல்லை.

"ஒரு சட்டை வேணும்டா. எல்லாம் பெருசாப் போச்சு. நீயே கடைக்குப் போய் வாங்கிட்டு வா."

"படுத்திருக்கறவருக்குக் கோர்ட் சட்டை எதுக்குப்பா?"

"எதிர்த்தரப்பு சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார் அப்பா.

அவள் போனிலேயே ஒரு சட்டையை ஆர்டர் போட்டு, படத்தை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். நல்லா இருக்கு என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

*

பெரிய கடையின் கண்ணாடிக் கதவுவரை போய்விட்டு அவள் தாண்டி நடந்தாள். தெருமுனையில் இருந்த சின்னக் கடையும் இப்போது அவனுடையதுதான். ஆனால் பழைய பெயர்ப்பலகையை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பலகைக்கு அடியில் நுழைவதாக நினைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

உள்ளே கூட்டமில்லை. ஆண்கள் பிரிவில் ஒரு பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பனியன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பாட்டைக் கழற்றினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா. என்ன பாக்கறீங்க?"

"வெள்ளைச் சட்டை. முழுக்கை."

"கழுத்து அளவு?"

அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கைவிரல்களையும் சேர்த்து ஒரு வளையம் பிடித்துக் காட்டினாள். காலையில் அந்தக் கழுத்தைத் தாங்கிய கைகள். அவை அளவை மறக்கவில்லை.

"இவ்வளவு ஒல்லியா? பையனுக்கா?"

"அப்பாவுக்கு."

"ஒரு எட்டு கூட்டிட்டு வந்திருந்தா போட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"வர முடியாது."

அந்தப் பெண் உட்கார்ந்தபடியே கீழ்த் தட்டுக்குக் குனிந்தாள். அப்போதுதான் இவள் அதைப் பார்த்தாள். ஒரு சாம்பல் நிற ஸ்டூல். வட்டமான மேற்பகுதி, கால் வைக்க ஒரு கம்பி. அடுத்த கவுன்ட்டரிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். கடைசிவரை எல்லாவற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஸ்டூல்..."

"உக்காரணுமாக்கா? இந்தாங்க." காலியாக இருந்த ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள். இவள் உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் எப்ப இருந்து?"

"நான் சேர்ந்ததுல இருந்து இருக்கு. பழைய முதலாளி காலத்துல கிடையாதாம். பெரிய கடைக்காரங்க இதை வாங்கின அன்னிக்கே ஒரு வேன்ல வந்து இறங்குச்சாம். அவங்க எந்தக் கடையை வாங்கினாலும் துணி வர்றதுக்கு முன்னாடி ஸ்டூல் வந்துரும்னு சொல்வாங்க. அவங்க ரூல்ஸ் அப்படி."

"அவங்களா போட்ட ரூல்ஸா?"

"யாருக்குத் தெரியும்? போட்டிருக்காங்க, உக்கார்றோம்." அவள் சிரித்தாள். "பில் போடற அக்காவுக்கு ஏதோ தெரியும். கேட்டா கொலைகேஸ் மாதிரி முழிப்பாங்க. இந்தச் சட்டை பாருங்க, துணி நல்லா இருக்கும். துவைக்கத் துவைக்க இன்னும் நல்லா இருக்கும்."

இவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஆர்டர் போட்ட சட்டை இன்று மாலைக்குள் வீடு வந்து சேரும் என்றது. இவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த கைக்குட்டைகள் நினைவுக்கு வந்தன. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் விரல்களும்.

"அக்கா? இதைப் பில் போட்டுரலாமா?"

"போடு."

பில் போடும் இடத்தில் கண்ணாடி அணிந்த ஒரு பெண் இருந்தாள். சட்டையை எடுத்து, காலருக்குள் ஒட்டியிருந்த அளவைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"நடைபாதையில என் பக்கத்துல உக்காந்திருந்தியே," என்றாள்.

"லிஃப்ட் அக்கா."

"இங்க லிஃப்ட் எல்லாம் இல்ல. ஒரே மாடிதான்." சிரிக்கப் பார்த்தாள். கை சட்டையின் மேலேயே இருந்தது. "சாருக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"ரொம்ப இளைச்சிட்டாரா?"

லிஃப்ட் அக்கா சட்டையின் வெண்மையைப் பார்த்தாள். காலையில் வாரப்படாத இவள் தலையைப் பார்த்தாள்.

"எப்ப?"

"விடியக்காலையில."

கடையில் யாரோ அளவுகோலைக் கீழே போட்டார்கள்.

"அக்கா, அன்னிக்கு அவர்..."

"நான் பேசக்கூடாதும்மா. கையெழுத்து போட்டிருக்கோம்."

சொல்லிவிட்டு அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு தன் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சிரமப்பட்டுத்தான் எழுந்தாள். நின்றபடியே சட்டையை மடித்தாள், நின்றபடியே பையில் போட்டாள், இரண்டு கைகளாலும் நீட்டினாள். பக்கத்து ஸ்டூல்களில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, இந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

கதவருகே போய்த் திரும்பியபோதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

*

அத்தை தூங்கிப்போயிருந்தாள். ஜூனியர் அதே படியில் நின்றிருந்தார். இவள் கையிலிருந்த பையின் மேலே இருந்த பழைய கடைப் பெயரைப் படித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"கூட்டமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. எல்லாரும் உக்காந்திருந்தாங்க."

அம்மா அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்தாள். அவள் அவருடைய கைகளை ஒவ்வொன்றாக நுழைத்தாள், கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கழுத்துப் பொத்தானைப் போட்டதும் காலர் சரியாகப் பொருந்தியது. ஒரு விரல்தான் நுழைந்தது.

"இதான்," என்றாள் அம்மா. "இப்படித்தான் நிக்கணும்."

கோர்ட்டிலிருந்து வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கழுத்துப் பொத்தானைத்தான் கழற்றுவார். வாசலிலேயே, ஒரு கையில் ஃபைல்களோடு, மறுகையின் இரண்டு விரலால். பிறகுதான் அவளைக் கூப்பிடுவார்.

ஜன்னலிலிருந்த டம்ளரை விட்டு வெயில் போயிருந்தது. அவள் குனிந்து, இரண்டு விரலால் அந்த மேல் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டாள்.

அம்மா பார்த்தாள். திரும்பப் போடச் சொல்லவில்லை.