பதினோரு முறை பார்க்கப்பட்டது

அட்டைப்பெட்டி ஆலையில் தொழிலாளர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதாம். அதைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, நாற்பது பேரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பலூன் கொடுத்தார்கள். கவலையை நினைத்துக்கொண்டு ஊத வேண்டுமாம், அப்புறம் பட்டென்று உடைக்க வேண்டுமாம்.

மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் கடைசியாகத்தான் வந்தார். பலூனை ஊதாமல், எதிர் வரிசையில் இருந்த அக்காவின் கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த அக்கா. மூன்றாம் நம்பர் வெட்டு மெஷினில் வேலை. அதன் கத்தியை மறைக்கும் இரும்பு மூடி உடைந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் கத்தி அவள் விரல் நுனியைச் சீவிவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அடுத்த முறையும் தலைப்பாகையோடு போகும் என்று எந்த மடையன் எழுதிக் கொடுப்பான்?

புது மூடி கேட்டுப் பழுதுப் புத்தகத்தில் பதினோரு முறை எழுதியிருந்தார் ஃபிட்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே மேனேஜர் முத்து முத்தாக ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். பதினோரு முறை பார்த்த கண் அது! மூடி வரவில்லை, பலூன் வந்தது.

முடிவில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ‘நிகழ்ச்சி பற்றி உங்கள் கருத்து.’ ஃபிட்டர் ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்த பக்கத்து ஆள் களுக்கென்று சிரித்துவிட்டுத் தானும் அதையே எழுதினான். சிரிப்பு வரிசை வரிசையாக நகர்ந்தது.

அம்மாள் தாள்களைப் புரட்டினார். நாற்பதிலும் ‘பார்க்கப்பட்டது’.

“என்னங்க இது? யாரு சொல்லிக்கொடுத்தது?”

“மேனேஜர்தாம்மா.” ஃபிட்டர் எழுந்தார். கையோடு கொண்டுவந்திருந்த பழுதுப் புத்தகத்தை அம்மாள் முன்னால் பொத்தென்று போட்டார். “படிச்சுப் பாருங்க. எங்க ஆர்வம் எப்பெப்போ செத்துச்சுன்னு தேதியோட இருக்கு.”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாமே...” ஓரமாக நின்ற மேனேஜர் இழுத்தார்.

“அப்புறம்னா எப்போ? எங்கக்காவுக்குக் கையே போனப்புறமா?”

அம்மாள் பக்கம் பக்கமாகப் படித்தார். முகம் கறுத்துப் போயிற்று.

“மூணாம் நம்பரை இனிமே யாரும் ஓட்டாதீங்க.”

“ஓட்ட முடியாதும்மா.” ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து மெஷினின் ஃபியூஸை எடுத்து மேசைமேல் வைத்தார். “பலூன் ஊதக் கூப்பிட்டப்பவே கழட்டிட்டேன். மூடி வரட்டும், நானே மாட்டுறேன். ரொம்ப ஆர்வமா மாட்டுறேன்.”

மேனேஜர் ஃபியூஸை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் அக்கா எழுந்து வந்து, கட்டுப்போட்ட விரலோடு அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி,” என்றாள்.