இரண்டு வெடி

மைசூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் சொருகினார். என் கணவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "இது எந்தச் சண்டையிலம்மா பட்டது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சண்டையா? பன்னி வேட்டையில பட்டது டாக்டர். எங்க குடகுல வந்து கேளுங்க, பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவின் பின்பக்கத்தால் முழங்காலுக்கு மேலே எலும்பை ஒட்டி வெள்ளையாக இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "வேட்டைத் துப்பாக்கியில போடறது ஈயம். உள்ள போனா நசுங்கிக் கெடக்கும். இது இரும்பு. ஓரத்தப் பாருங்க, ஓடு ஒடஞ்ச மாதிரி. நான் பதினெட்டு வருஷம் பட்டாளத்துல டாக்டர். கையெறி குண்டோட சில்லு இது."

நான் திரும்பிப் பார்த்தேன். பெள்ளியப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் காலண்டரை அவ்வளவு அக்கறையாகப் படித்து நான் பார்த்ததே இல்லை.

சில்லைச் சுற்றி எலும்பு அழுகிவிட்டது, சர்க்கரை வேறு இருக்கிறது, தொடையோடு காலை எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம், தாமதித்தால் ரத்தத்தில் விஷம் ஏறும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. இரும்பு, இரும்பு என்றே மனசு அடித்துக்கொண்டிருந்தது.

என் கோபம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் ஊரில் அவருக்கு என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். பன்னிக்கால் பெள்ளியப்பா. எழுபத்தொன்று யுத்தம் முடிந்து லீவில் வந்தவர், வந்த மறுநாளே கூட்டத்தோடு காட்டுக்குப் போய்ப் பன்றி வேட்டையில் தொடையில் குண்டு வாங்கிக்கொண்டார். இருபது துப்பாக்கி போன வேட்டை அது. யார் சுட்டதென்று ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 'யாருமே சுடாத குண்டு' என்று அதற்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு வாரம் பச்சிலை வைத்துக் கட்டியும் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். எலும்போடு ஒட்டியிருக்கிறது, எடுத்தால் கால் போய்விடும் என்று குண்டை உள்ளேயே விட்டுவிட்டு, பன்றி வேட்டைக் காயம் என்று டாக்டர் எழுதினார், என் மாமனார் கீழே கையெழுத்துப் போட்டார். பட்டாளம் அந்தத் தாளைப் பார்த்து, லீவில் தன் விளையாட்டால் கெட்ட கால் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியில் பன்றிக்கறி வந்தால் போதும், பக்கத்து வீட்டுக் காளய்யா அங்கிருந்தே குரல் கொடுப்பான்: "பெள்ளி, பாத்துச் சாப்பிடுடா, உன் சொந்தக்காரன்!" பந்தி முழுக்கச் சிரிக்கும். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சோறு இறங்காது. பன்றிக் கதை தெரியாமல், வீரனுக்குப் பெண்டாட்டி ஆகிறேன் என்று நினைத்துக் கழுத்தை நீட்டியவள் நான்.

பஸ் குஷால்நகரைத் தாண்டியது. அப்புறம் கேட்டேன். "யாரு போட்ட குண்டு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"காலை எடுக்கணும்னு சொல்றாங்க. இப்ப இல்லாம எப்போ?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சண்டையில பட்டதுதான் தேச்சு. சொல்லக் கூடாதுன்னு இக்குத்தப்பன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். அதுக்கு மேல கேக்காத."

எங்கள் மலைத் தெய்வம் இக்குத்தப்பன் மேல் செய்த சத்தியத்தை மீறி யாரும் மழைக்காலம் தாண்டினதில்லை என்பார்கள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவரை மடிக்கேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு உள்ள அலுவலகத்தில் எக்ஸ்ரே படத்தை மேஜை மேல் வைத்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். எங்களுக்கு நாற்காலி போட்டுக் காபி வரவழைத்தார்.

"படம் சொல்றது சரி. ஆனா தாள் வேற சொல்லுதே தாயே. உங்க மாமனார் கையெழுத்து இருக்கு. அன்னைக்கு இவர் பக்கத்துல நின்னவங்க யாராவது கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுத்தா மேல அனுப்பறேன். பென்ஷனும் கூடும்."

பெள்ளியப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். "காசு வேண்டாம் சார். அந்தப் பன்னிய மட்டும் அழிச்சு எழுதுங்க. போதும்."

 பந்தியில் சிரித்த மனிதர் ஐம்பது வருடமாக உள்ளே என்ன பாடுபட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரியாமல் இருந்த என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

அந்தச் சண்டையில் இவர் பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர். இரண்டு பேர் செத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது உத்தய்யா ஒருத்தர். எங்கள் வயலுக்கு அந்தப் பக்கத்து மேட்டில் வீடு. இவரோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர், சுபேதார் மேஜராகித் திரும்பி வந்தவர். கேட்டில் பித்தளைப் பலகை. எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் பதினாறு வருடமாகத் தலைவர். அவரிடம் போகக் கூடாது என்று பெள்ளியப்பா என் கையைப் பிடித்தார்.

"சத்தியம் பண்ணினது நீங்க. நான் பண்ணலையே" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தேன்.

உத்தய்யா களத்தில் காபிக்கொட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே என்று நான் சொன்னதுமே கால் நின்றுவிட்டது. வேலையாட்களைத் தூரப் போகச் சொன்னார்.

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல உத்தண்ணா. நீங்க சொல்லுங்க."

அவர் களத்துக் கட்டையில் உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "என் கைதான் தேச்சம்மா" என்றார். "கால்வாய்க் கரை. குளிருல விரலு மரத்துப் போயிருந்துச்சு. ஊசிய உருவிட்டு வீசினேன், கரையில பட்டு எங்க காலடியிலயே வந்து விழுந்துச்சு. நான் கல்லு மாதிரி நின்னுட்டேன். இவன்தான் ஓடி வந்து காலால எத்துனான். எத்தலைன்னா இன்னைக்கு நான் இல்ல, என் பிள்ளைங்க இல்ல, இந்தக் களம் இல்ல."

"அப்ப பன்னி?"

"அது என் யோசனை. கைத்தப்பால சொந்த ஆளுக்கே குண்டு போட்டேன்னு தெரிஞ்சா என்னைய விசாரணையில நிறுத்தியிருப்பாங்க. ரெண்டு நாள்ல சண்டை நின்னு போச்சு, லீவும் குடுத்தாங்க. புண்ண மறைச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் ரயிலேறினோம். காட்டுக்குப் போவோம், அங்க விழுடான்னேன். நம்ம ஊர்ல தொடையில ஓட்டையோட வந்தா வேற என்ன கேக்கப் போறாங்க?"

"விழுந்தவருக்குப் பன்னிக்கால்னு பேரு வந்துச்சே, அப்ப எங்க போனீங்க? பந்தியில காளய்யா சிரிச்சப்ப நீங்களும்தான சிரிச்சீங்க? நான் பாத்திருக்கேன்!"

அவர் கட்டையிலிருந்து எழுந்து கொட்டையை மறுபடி கிளறினார். எல்லாவற்றையும் அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு டிரங்குப் பெட்டியில் யூனிபார்முக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னார். "என் மகன் இப்ப கர்னல். பேரன் அதிகாரிப் பரிட்சை எழுதியிருக்கான். நான் இருக்கறப்ப அந்தத் தாள் வெளிய வர வேணாம் தேச்சம்மா. நான் போன அன்னைக்கு என் பெண்டாட்டி கொண்டாந்து உன் கையில குடுப்பா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அப்ப நீங்க எப்போ போறீங்க உத்தண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போனது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பெள்ளியப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. "அவன் பயந்தவன் தேச்சு. அன்னைக்கே பயந்துதான் நின்னான். பயந்தவனப் போய் எதுக்கு மெரட்டுற?" என்றார். ஆனால் காலை எடுக்கச் சம்மதிக்கமாட்டேன் என்றுவிட்டார். நானும் பெங்களூரிலிருந்து வந்த மகளும் மாறி மாறி அழுது பார்த்தோம், திட்டிப் பார்த்தோம். "படம்தான் இருக்கேப்பா!" என்றாள் மகள். "படத்த யாரு கால்ல வேணாலும் எடுக்கலாம். இரும்பு இந்தக் கால்ல இருக்கு. தாள் வரட்டும், அப்புறம் வெட்டிக்கோங்க. அதுவரைக்கும் எனக்கிருக்கற ஒரே சாட்சி இதுதான்" என்றார். குடகன் பிடிவாதத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அதோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால் தெரியும்.

அதிலிருந்து நான் ஒரு பாவம் செய்ய ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் வீட்டில் பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு வெடி. கேட்ட வீட்டிலிருந்து ஆள் கிளம்பிவிடும். மேட்டுப் பக்கம் ஒரு வெடி கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இரண்டாவதுக்காக நிற்பேன். கேட்காது. யானையை விரட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் யார் வீட்டிலோ பிள்ளை பிறந்திருக்கும். பிள்ளை பிறந்த வெடிக்குக்கூடச் சலித்துக்கொண்டேன். சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி அரிசி களைவேன். அடுத்த வெடிக்கும் காது அதுபாட்டுக்கு நீளும்.

உத்தய்யா ஆள் மூலம் காட்டுத்தேன் அனுப்பினார், ஆரஞ்சு அனுப்பினார். நான் பன்றித் தொட்டியில் கொட்டப் போனேன். இவர் கட்டிலிலிருந்து கையை நீட்டி வாங்கி, சுளை சுளையாக உரித்துத் தின்றார். அறை முழுக்கப் புண் நாற்றமும் ஆரஞ்சுத் தோல் வாசமும். தொடையில் கருநீலம் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. கடைசி இரண்டு நாள் ஜுர வேகத்தில் யாரையோ பார்த்து, "தள்ளிப் போடா, தள்ளிப் போடா" என்று கத்தினார். கத்தும்போதெல்லாம் அந்தக் கால் போர்வைக்குள் உதைத்தது.

ஒரு புதன்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

வெடி போட ஆண்பிள்ளை யாராவது வரட்டும் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். பூஜை அறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்து முற்றத்தில் நின்று, மேட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்று போட்டேன். அந்த வீட்டுக் களத்தில் வெள்ளைச் சட்டை ஒன்று நிமிர்வது தெரிந்தது. அவர் காதும் இரண்டாவதுக்காக நீண்டிருக்கும். நன்றாகக் காத்திரு என்று நினைத்தேன். அப்புறம் இரண்டாவதைப் போட்டேன். தோள்பட்டை இற்றுவிடும்போல் வலித்தது.

மத்தியானத்துக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. எங்கள் நீள அங்கியான குப்யம் உடுத்தி, வெள்ளைத்துணி போர்த்தி நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தோம். வருகிறவர்கள் வாயில் ஒரு சொட்டு நீர் விட்டு, கும்பிட்டு நகர்ந்தார்கள். சங்கத்து ஆட்கள் இருபது பேர் துப்பாக்கி முனையைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். உத்தய்யா கறுப்புக் கோட்டு போட்டு, மார்பில் பதக்கங்களோடு வந்தார். நீர் விட்டார். நின்றார். உள்பையிலிருந்து பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து, போர்த்தியிருந்த துணிக்கு அடியில், இவர் மார்பில் சொருகினார். மேலே ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தார். கண் நிறையத் தண்ணீர். அழுகை நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெளியே சிதைக்கு விறகு அடுக்கியாகிவிட்டது. இன்னும் அரைமணியில் அந்தத் தாளும் சேர்ந்து எரியும்.

அப்போது வாசல்பக்கம் காளய்யா யாரிடமோ சொன்னான். மெதுவாகச் சொல்வதாக நினைப்பு. "பாவம். ஐம்பது வருஷம் கழிச்சு அந்தப் பன்னி ஜெயிச்சிருச்சு பாரு."

ஒருவன் மூக்கால் சிரித்தான்.

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். "நில்லுங்க" என்றேன். துணிக்கு அடியில் கையை விட்டேன். அவர் மார்பு ஜில்லென்று இருந்தது. கவரை எடுத்தேன். மகள், "அம்மா, என்ன பண்றே?" என்று முந்தானையைப் பிடித்தாள். உதறிவிட்டு இரண்டு வரிசைக்கும் நடுவில் நடந்து போய் உத்தய்யா முன்னால் நின்றேன்.

"உத்தண்ணா, கண்ணாடி கொண்டாந்திருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கவரைப் பார்த்தார். "தேச்சம்மா... இங்க வச்சா?"

"இங்க வச்சுத்தான். காளய்யா நிக்கிறான் பாருங்க, அவனுக்குக் கேக்கற மாதிரி படிங்க. அவர் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கார். போறதுக்குள்ள படிங்க."

 காளய்யா எட்டிப் பார்த்தான். உத்தய்யா கோட்டின் இடது பையைத் தடவினார். வலது பையைத் தடவினார். ஒவ்வொரு தடவலுக்கும் பதக்கங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. கடைசியில் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி வந்தது. ஒரு பக்கக் காதுக்கம்பி நூலால் கட்டியிருந்தது. அதை மாட்டிக்கொள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதுவரைக்கும் கவரை நானே பிரித்து, தாளை விரித்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.